கம்யூனிட்டி காலேஜ் வழியாக அமெரிக்காவில் ஆர்.என். ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) நர்சிங் படித்து, இப்போது மருத்துவமனை வார்டில் ஆர்.என்., அதாவது உரிமம் பெற்ற ரெஜிஸ்டர்ட் நர்ஸ் ஆக வேலை பார்க்கிறேன். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் பலர் கணவர் வேலைக்காக இங்கே வந்த பெண்கள், சிலர் பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோர். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களை இங்கே வைத்திருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எனக்குப் பழக்கம் கலிஃபோர்னியா என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் அதிகம்.

அக்கா, கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சா நிஜமாவே ஆர்.என். ஆகலாமா? இல்ல உதவி நர்ஸ் மாதிரி ஏதாவதா?

ஆகலாம், முழு ஆர்.என். தான். அங்கே கிடைப்பது ஏ.டி.என். என்று சொல்லப்படும் அசோசியேட் டிகிரி. அதை முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்.என். முடித்தவரும் எழுதுவது ஒரே என்க்லெக்ஸ்-ஆர்.என். தேர்வு, வாங்குவது ஒரே உரிமம். வார்டில் பார்க்கும் நோயாளிகளும் பொறுப்பும் ஒன்றுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பல கல்லூரிகள் ஒரே வளாகத்தில் மூன்று விதமான படிப்புகளை நடத்துகின்றன. சி.என்.ஏ. என்பது சில வாரப் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, ஊட்டிவிடுவது போன்ற வேலை. எல்.வி.என். சுமார் ஒரு வருடம், அதற்குத் தனித் தேர்வு. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் எல்.வி.என். என்பதை மற்ற மாநிலங்களில் எல்.பி.என். என்பார்கள். மூன்றாவதுதான் ஆர்.என். விண்ணப்பத்தில் "அசோசியேட் டிகிரி" என்றும் "ஆர்.என்." என்றும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

நம்ம ஊர்ல பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். ரெண்டு வருஷத்துல என்னத்த கத்துக்க முடியும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நர்ஸ்கள் போதவில்லை. அப்போது மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1951இல் தன் ஆய்வேட்டில் இந்த இரண்டு வருடப் படிப்பை முன்வைத்தார். 1952இல் ஏழு இடங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். மருத்துவமனையே மாணவிகளை வேலைக்கு வைத்துக்கொண்டு சொல்லித்தரும் பழைய முறையை விட்டு, படிப்பைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது அதன் முக்கிய மாற்றம். எழுபது வருடங்களாக இப்படிப் படித்தவர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை செய்து வருகிறார்கள். இதைச் சந்தேகத்தோடு பார்க்கத் தேவையே இல்லை.

பி.எஸ்.என். படிப்பவர்கள் கூடுதலாகப் படிப்பது ஆராய்ச்சி முறை, சமூக சுகாதாரம், நிர்வாகம் போன்றவை. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் நோயாளி மோசமாவதைக் கண்டுபிடிப்பதும் இரண்டு பேருக்கும் பொது. அப்புறம், இந்த "இரண்டு வருடம்" என்ற கணக்கே சரியில்லை. அதை அடுத்துச் சொல்கிறேன்.

அப்போ மொத்தம் எவ்வளவு நாள் ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

நர்சிங் படிப்பு மட்டும் நான்கு செமஸ்டர். அதில் சேர விண்ணப்பிக்கவே அதற்கு முன் சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். எல்லாரும் "ப்ரீரெக்" என்று சொல்வது இதைத்தான்: மனித உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை, பெரும்பாலும் உளவியலும் புள்ளியியலும். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற வரிசை இருப்பதால், வேகமாகப் போனாலும் இதற்கே ஒரு வருடம் ஆகும். குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகிறது.

ஆக மூன்று முதல் நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடனே சீட் கிடைக்காவிட்டால் இன்னும் தள்ளும். வீட்டில் எல்லாரிடமும் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "ரெண்டு வருஷம்தானே சொன்னே" என்ற பேச்சை மூன்றாவது வருடத்தில் கேட்கும்போது படிப்பைவிட அதுதான் வலிக்கும்.

செலவு எவ்வளவு ஆகும்?

கலிஃபோர்னியாவில் குடியிருப்புத் தகுதி உள்ளவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு, ஒரு பாடத்துக்குச் சில யூனிட்) 46 டாலர். ப்ரீரெக், நர்சிங் எல்லாம் சேர்த்து 70 யூனிட் என்றால் 3,220 டாலர். புத்தகம், சீருடை, ஸ்டெதாஸ்கோப், தடுப்பூசி, பின்னணிச் சோதனை, தேர்வுக் கட்டணம் என்று இன்னும் சில ஆயிரம் சேரும். தனியார் கல்லூரிகள் இதே ஆர்.என். தகுதிக்கு இதைப்போலப் பல மடங்கு வாங்குகின்றன. மற்ற மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வெளிமாநிலத்தவர் அல்லது வெளிநாட்டு மாணவர் என்று கணக்கில் வந்தால் எங்கேயும் எகிறும்.

உதவித்தொகைக்கு எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற விண்ணப்பம் போட வேண்டும். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் போடலாம்; எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்களுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும் இளநிலைப் பட்டம் ஏற்கெனவே இருந்தால் பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவித்தொகை கிடைக்காது. பட்டத்தை மறைத்து விண்ணப்பம் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அரசுப் படிவத்தில் பொய் சொன்னால் பிற்பாடு உரிமத்துக்கும் குடியுரிமைக்கும் அது வந்து நிற்கும்.

நான் பி.இ. படிச்சவ. பயாலஜியை பத்தாவதோட விட்டாச்சு. அந்த சப்ஜெக்ட் எல்லாம் என்னால முடியுமா? என் பி.இ. மார்க் எதுக்காவது உதவுமா?

முடியும், ஆனால் உட்கார்ந்து படிக்க வேண்டும். உடற்கூறு லேப் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேசை மேசையாக எலும்புகளையும் உறுப்பு மாதிரிகளையும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குறி ஒட்டியிருப்பார்கள். மணி அடித்ததும் ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். தொடை எலும்பைக் காட்டி "இது என்ன எலும்பு" என்று கேட்க மாட்டார்கள். அதில் உள்ள ஒரு சின்ன மேட்டின் பெயர், அது வலது காலா இடது காலா என்று கேட்பார்கள். எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் போகும். பெயர்கள் லத்தீன், எல்லாருக்கும் அது அந்நியம். அதனால் தமிழ் வழியில் படித்தவர்கள் தங்களைப் பின்தங்கியவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

பி.இ. பட்டத்தை டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனங்களிடம் பாடவாரியாக மதிப்பீடு செய்து கொடுத்தால், பொதுப் பாடங்களில் சிலவற்றைக் கல்லூரி தள்ளுபடி செய்யலாம். கணக்கு, புள்ளியியல் கழிய வாய்ப்பு உண்டு. அறிவியல் ப்ரீரெக்குகளைப் பெரும்பாலும் இங்கேதான் படிக்கச் சொல்வார்கள். பணம் கட்டி மதிப்பீடு வாங்கும் முன், எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அவரைக் கவுன்சிலர் என்பார்கள், பார்க்கக் கட்டணம் இல்லை.

டீஸ் எக்ஸாம் ரொம்பக் கஷ்டமா?

டீஸ் என்பது நர்சிங்கில் சேரப் பல கல்லூரிகள் கேட்கும் நுழைவுத் தேர்வு. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி. மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம். கலிஃபோர்னியாவின் பல கம்யூனிட்டி காலேஜ்கள் 62 சதவீதத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. ஆனால் அதைத் தொட்டால் சீட் உறுதி என்று இல்லை, அதிகம் எடுத்தால்தான் பட்டியலில் மேலே வரலாம். கணக்குப் பகுதி நமக்குச் சுலபம். வாசிப்பில்தான் நம்மவர்கள் நேரத்தை விடுகிறார்கள். உடலியங்கியல் முடித்த கையோடு எழுதிவிடுங்கள், அறிவியல் பகுதிக்கு அது நேரடியாக உதவும். சில கல்லூரிகள் டீஸுக்குப் பதிலாக ஹெசி என்ற தேர்வைக் கேட்கும்.

சீட் லாட்டரியில குடுக்குறாங்களாமே? நல்ல மார்க் எடுத்தும் கிடைக்கலையாம்.

உண்மைதான். உள்ளே போனபின் படிப்பதைவிட உள்ளே போவதுதான் இந்தப் பாதையில் கடினமான இடம். விண்ணப்பங்கள் அதிகம், இடங்கள் குறைவு. நர்சிங் ஆசிரியர்களும் மருத்துவமனைகளில் பயிற்சி இடங்களும் போதாததால் கல்லூரிகளால் நினைத்தபடி வகுப்பைக் கூட்ட முடிவதில்லை. சில கல்லூரிகள் தகுதி பெற்றவர்களிடையே குலுக்கல் போடுகின்றன, சில காத்திருப்போர் பட்டியல் வைக்கின்றன. இன்னும் பல கல்லூரிகள் புள்ளி முறையில் எடுக்கின்றன. அதில் ப்ரீரெக் மதிப்பெண், டீஸ், மருத்துவமனை அனுபவம், ஏற்கெனவே உள்ள பட்டம், இன்னொரு மொழி தெரிந்திருப்பது போன்றவற்றுக்குப் புள்ளி உண்டு. இங்கே உங்கள் பி.இ. பட்டம் உதவும்.

மூன்று நான்கு கல்லூரிகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பது தவறில்லை. முதல் ப்ரீரெக்கில் சேரும் முன்பே அந்த நான்கு கல்லூரிகளின் புள்ளிப் பட்டியலையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கல்லூரி ஒரு பாடத்தை இரண்டாம் முறை எழுதினால் புள்ளியைக் குறைக்கும், இன்னொன்று ஐந்து வருடத்துக்கு முந்திய அறிவியல் பாடத்தை ஏற்காது. உடலியங்கியலில் "சி" வாங்கிவிட்டு, பிறகு இந்த விதியைப் படித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடம் எடுத்து "பி"யும் "சி"யும் வாங்குவதைவிட, ஒன்றை எடுத்து "ஏ" வாங்குங்கள்.

எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாநில நர்சிங் வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். இது இல்லாமல் என்க்லெக்ஸ் எழுதவே முடியாது. வாரியத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலும், ஒவ்வொன்றிலிருந்தும் முதல் முறையிலேயே என்க்லெக்ஸில் தேறியவர்களின் சதவீதமும் இருக்கும். பல வருடங்களின் சதவீதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது தேசிய அங்கீகாரம். அசோசியேட் படிப்புகளுக்கு இதை ஏ.சி.இ.என். என்ற அமைப்பு கொடுக்கிறது, சி.என்.இ.ஏ. என்ற அமைப்பும் கொடுக்கிறது. இது இல்லாமலும் உரிமம் கிடைக்கும். ஆனால் பின்னாளில் பி.எஸ்.என். படிக்கப் போகும்போதும், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் வேலை கேட்கும்போதும் இதைக் கேட்பார்கள். இரண்டும் உள்ள கல்லூரியைத் தேடுங்கள்.

வீட்ல இருந்தே ஆன்லைன்ல ஆர்.என். முடிக்கலாம்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. சேரலாமா?

பாட வகுப்புகள் ஆன்லைனில் இருக்கலாம். நோயாளி பக்கத்தில் நின்று கற்கும் நேரம் (இதைத்தான் கிளினிக்கல் என்பார்கள்) இல்லாமல் யாரும் ஆர்.என். ஆக முடியாது. கலிஃபோர்னியாவில் குறைந்தது 500 மணி நேரம் நேரடி நோயாளிப் பராமரிப்பு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கிளினிக்கல் இல்லை, பழைய தேதியில் சான்றிதழ் தருகிறோம், "எல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்று யாராவது சொன்னால் உடனே விலகுங்கள்.

2023 ஜனவரியில் அமெரிக்க அரசு "ஆபரேஷன் நைட்டிங்கேல்" என்ற பெயரில் நடத்திய விசாரணை வெளியே வந்தது. ஃப்ளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. விற்றவர்கள் மீது வழக்கு. அந்தச் சான்றிதழோடு வேலை பார்த்தவர்களின் உரிமங்களைப் பல மாநிலங்கள் ரத்து செய்தன. பணம் போனது ஒரு பக்கம், படிக்காத ஒருவர் மருந்து ஊசியோடு நோயாளியின் முன் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

கிளினிக்கல்னா என்ன செய்யச் சொல்வாங்க? ஊசி, தடுப்பூசி ரெக்கார்டு எல்லாம் என்ன வேணும்?

வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள், பெரும்பாலும் காலை ஆறரைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவருக்கு ஏழெட்டு மாணவர் இருப்பார்கள். முதல் செமஸ்டரில் படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது. போகப்போக மருந்து, ஐ.வி., புண் கட்டுதல். மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர், அறுவை என்று எல்லாப் பிரிவிலும் போட்டுச் சுற்றவிடுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது.

தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். ஊரில் போட்ட அட்டை தொலைந்திருந்தால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டினால் போதும். காசநோய்ச் சோதனையில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நமக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பதால், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் சோதனை தடித்துப்போய், நோய்த்தொற்று இருப்பதாகக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைய வேண்டும். முதலிலேயே "பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். குவான்டிஃபெரான் என்று அதற்குப் பெயர், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

எனக்குக் கணக்குன்னாலே பயம். மருந்துக் கணக்கு எப்படி இருக்கும்?

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். தவறு செய்ய இடம் கிடையாது என்பதுதான் வித்தியாசம். மருத்துவர் எழுதியது 400 மில்லிகிராம், பாட்டிலில் இருப்பது 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள்? 8 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லிலிட்டர். பல கல்லூரிகள் ஒவ்வொரு செமஸ்டரிலும் இந்தத் தேர்வில் 90 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தால்தான் மருந்து கொடுக்கவே விடுகின்றன.

எழுதும் விதத்துக்கும் விதி உண்டு. 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 எழுதக்கூடாது, புள்ளி தெரியாமல் போனால் அது 50. அரை மில்லிகிராமை .5 என்று எழுதக்கூடாது, 0.5 என்றுதான் எழுத வேண்டும். விடை சரியாக இருந்தாலும் இப்படி எழுதினால் தவறு என்றே போடுவார்கள். அது நியாயமும்கூட.

வேலை பாத்துக்கிட்டே, குழந்தையையும் வெச்சுக்கிட்டு படிக்க முடியுமா?

ப்ரீரெக் காலத்தில் முடியும். மாலை வகுப்பு, வார இறுதி லேப், சில ஆன்லைன் பாடங்கள் எல்லாம் உண்டு. நர்சிங்கில் சேர்ந்தபின் முழுநேர வேலை பார்ப்பது ரொம்பக் கடினம். கிளினிக்கல் நாளைக் கல்லூரி முடிவு செய்யும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் விடுப்பு கிடைக்காது. தேர்வுகளில் சராசரி 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஃபெயில் என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. இரண்டு முறை ஃபெயில் ஆனால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவையோ மாமியாரையோ ஊரிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், முதல் நர்சிங் செமஸ்டருக்கு வரச் சொல்லுங்கள். ப்ரீரெக் காலத்திலேயே வரவழைத்து, விசிட்டர் விசாவில் அவர்கள் தங்கும் ஆறு மாதத்தைச் செலவழித்துவிட வேண்டாம். கணவரிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். காலை ஐந்தரை முதல் மாலை வரை வீடு அவர் பொறுப்பு என்ற நாட்கள் வரும். அதை உதவி என்று நினைக்காமல் தன் வேலை என்றே அவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் தேறிவிடுவீர்கள்.

நான் எச்-4 விசாவில இருக்கேன். படிக்கலாமா? படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?

படிக்கலாம், முழுநேரமாகவே படிக்கலாம். கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் எச்-4 வைத்திருப்பவர் ஒரு வருடம் குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணமே கிடைக்கும். எனவே மேலே சொன்ன 46 டாலர் கணக்கு உங்களுக்கும் பொருந்த வாய்ப்பு உண்டு.

வேலை வேறு விஷயம். உரிமம் கையில் இருந்தாலும் வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஏற்கப்பட்டிருந்தால் நீங்கள் எச்-4 இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வாங்கலாம், 2015 மே மாதத்திலிருந்து இந்த வழி இருக்கிறது. அது இல்லாதவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்காது. சில மாநிலங்களில் உரிம விண்ணப்பமே அதில் நின்றுவிடும். கலிஃபோர்னியா வாரியம் அதற்குப் பதிலாக வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண்ணை ஏற்கிறது. சில மருத்துவமனைகளின் பின்னணிச் சோதனையிலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள், அதைக் கல்லூரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "நர்ஸுக்கு எச்-1பி கிடைக்கும்ல" என்று பலர் கேட்கிறார்கள். ஆர்.என். வேலைக்கு இளநிலைப் பட்டம் கட்டாயமில்லை என்பதால் சாதாரண வார்டு வேலைக்கு அது கிடைப்பது அரிது. எச்-4இல் வளரும் பிள்ளைக்காகக் கேட்கும் பெற்றோர் 21 வயதைக் கணக்கில் வையுங்கள். அன்றோடு எச்-4 முடிகிறது, படிப்பு நடுவில் இருந்தால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும்.

என் தங்கச்சி மதுரையில ப்ளஸ் டூ முடிக்கிறா. எஃப்-1ல நேரா இங்க கம்யூனிட்டி காலேஜ்ல நர்சிங் சேத்துவிடலாமா?

நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெளிநாட்டு மாணவர் கட்டணம் உள்ளூரைவிடப் பல மடங்கு. ப்ரீரெக் முடித்தபின் சீட் கிடைக்காவிட்டால், காத்திருக்கும் காலத்திலும் அவள் முழுநேர மாணவியாக இருந்தாக வேண்டும். பல கல்லூரிகள் நர்சிங்கில் எஃப்-1 மாணவர்களை எடுப்பதே இல்லை. முடித்தாலும் ஓ.பி.டி. என்ற, படிப்புக்குப் பிந்தைய ஒரு வருட வேலை அனுமதிதான் கிடைக்கும்.

ஊரிலேயே நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஓரிரு வருடம் ஐ.சி.யூ. போன்ற பிரிவில் வேலை பார்த்து, என்க்லெக்ஸ் எழுதினால் செலவும் குறைவு, கையில் அனுபவமும் இருக்கும். நர்ஸ்களுக்கு "ஷெட்யூல் ஏ" என்ற பிரிவில் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் ஒரு கட்டம் குறைகிறது. இந்தியர்களுக்கான வரிசை மட்டும் பல வருடம் நீளம். அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நான் தமிழ்நாட்டுல பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு வேலை பாத்தவ. இங்க மறுபடி முதல்ல இருந்து படிக்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் படிப்பை மதிப்பீடு செய்து, மாநில வாரியத்துக்கு விண்ணப்பித்து, என்க்லெக்ஸ் எழுதலாம். பல மாநிலங்கள் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று நமக்குப் பழக்கமான அமைப்பின் மதிப்பீட்டைக் கேட்கும். அது இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாறியிருக்கிறது. மதிப்பெண் விவரங்கள் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்தோ உங்கள் கல்லூரியிலிருந்தோ நேரடியாக வர வேண்டும், தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் உங்கள் பதிவை உறுதிசெய்ய வேண்டும். ஊருக்குப் போகும்போது நேரில் போய் முடிப்பதே வேகம்.

கலிஃபோர்னியாவில் ஒரு சிக்கல் உண்டு. பாடமும் அதற்குரிய கிளினிக்கலும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று வாரியம் பார்க்கும். மனநலப் பாடம் ஒரு வருடம், அதன் கிளினிக்கல் அடுத்த வருடம் என்றிருந்தால் குறை என்று எழுதிவிடுவார்கள். அந்தக் குறையை மட்டும் நிரப்ப ஒரு கம்யூனிட்டி காலேஜில் இடம் தேடி அந்தப் பாடத்தைப் படிக்கலாம், நான்கு செமஸ்டரையும் மறுபடி படிக்க வேண்டாம்.

பேர்ல என்ன பிரச்சினை வரும்? எனக்கு பாஸ்போர்ட்ல சர்நேமே இல்ல.

நிறையவே வரும். நமக்கு இனிஷியல்; இங்கே குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். கல்லூரியில் அப்பா பெயரோடு, வங்கியில் கணவர் பெயரோடு, ஓட்டுநர் உரிமத்தில் எஃப்.என்.யூ.வோடு என்று இருந்தால் மூன்று பேராக ஆகிவிடுவீர்கள்.

என்க்லெக்ஸுக்கு ஏ.டி.டி. என்ற அனுமதிக் கடிதம் வரும். அதில் உள்ள பெயரும் கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய 200 டாலரும் போகும். கல்லூரியில் சேரும் நாளிலேயே ஒரு பெயரை முடிவு செய்து, எல்லா இடத்திலும் ஒரு எழுத்து மாறாமல் கொடுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்துவதாக இருந்தால் ப்ரீரெக் காலத்திலேயே திருத்திவிடுங்கள்.

என்க்லெக்ஸ் எப்படி இருக்கும்? ஃபெயில் ஆனா?

கணினித் தேர்வு, ஐந்து மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. சரியாகப் போடப் போட அடுத்தது கடினமாகும். அதனால் கடைசிவரை கஷ்டமாகவே தோன்றும், அதை வைத்துப் பயப்படக் கூடாது. 2023 ஏப்ரலிலிருந்து ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்து அதில் ஆறு கேள்வி கேட்கும் முறையும் சேர்ந்திருக்கிறது.

மனப்பாடம் இங்கே செல்லாது. உதாரணம்: நான்கு நோயாளிகள். ஒருவர் மூட்டு அறுவை முடிந்து வலி மாத்திரை கேட்கிறார். ஒருவருக்குச் சர்க்கரை 180. ஒருவர் நிமோனியாவில் காய்ச்சலோடு இருக்கிறார். ஒருவருக்குக் காலையில் தைராய்டு எடுத்திருக்கிறார்கள், மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? நால்வருமே பார்க்கப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் கடைசி ஆளுக்கு மூச்சுக்குழல் வீங்கி அடைபட்டுக்கொண்டிருக்கலாம். அவரிடம்தான் ஓட வேண்டும். இப்படி யோசிக்கப் பழகுவதுதான் தயாரிப்பு. ஃபெயில் ஆனால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சில மாநிலங்களில் முயற்சிகளுக்கு வரம்பு உண்டு; ஃப்ளோரிடாவில் மூன்று முறை தவறினால் மீள்பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் பி.எஸ்.என். இருந்தாத்தான் எடுக்குறாங்களாமே? அப்போ இது வீணா?

வீண் ஆகாது, ஆனால் கேட்பது சரியான கேள்வி. பெருநகரங்களில், அதிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், புதிதாக வருபவர்களில் பி.எஸ்.என். உள்ளவர்களையே விரும்புகிறார்கள். நியூயார்க் மாநிலம் 2017இல் கொண்டுவந்த சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுபவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். சிறு நகர மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், டயாலிசிஸ் மையங்கள், மறுவாழ்வு மையங்களில் ஏ.டி.என். உள்ளவர்களை எடுக்கிறார்கள். அமெரிக்கா முழுவதும் ஆர்.என். நடுநிலைச் சம்பளம் 2024 மே கணக்குப்படி வருடத்துக்கு 93,600 டாலர்.

நான் சொல்லும் வழி: ஏ.டி.என். முடித்து வேலையில் சேருங்கள், சேர்ந்தபின் ஆர்.என். டு பி.எஸ்.என். படிப்பை ஆன்லைனில் முடியுங்கள். ஏற்கெனவே உரிமம் இருப்பதால் இதை ஆன்லைனில் படிப்பதில் ஆபத்து இல்லை, முன்னே சொன்ன விளம்பரக் கதையோடு இதைக் குழப்ப வேண்டாம். பல மருத்துவமனைகள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகின்றன. ஃப்ளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜ்களே பி.எஸ்.என். தருகின்றன. கலிஃபோர்னியாவில் அதற்கான மசோதாவை 2024இல் ஆளுநர் நிராகரித்துவிட்டார். எனக்கு அதில் வருத்தம் உண்டு, கட்டணம் குறைந்த இடத்திலேயே மேலே படிக்க வழி திறந்திருக்கும்.

எங்கிட்ட டிகிரி இருக்கே, நேரா ஒன்றரை வருஷ பி.எஸ்.என். போனா என்ன?

போகலாம். அதை ஏ.பி.எஸ்.என். என்பார்கள். முந்தைய பட்டம் உள்ளவர்களுக்கு 12 முதல் 18 மாதம். ப்ரீரெக் அதற்கும் வேண்டும். சீட் எளிதாகக் கிடைக்கலாம், ஆனால் தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பல பத்தாயிரம் டாலர். வேலை அனுமதி உறுதியாக உள்ளவர், சேமிப்பு உள்ளவர், குழந்தைகள் வளர்ந்துவிட்டவர் என்றால் யோசிக்கலாம். எச்-4இல், இ.ஏ.டி. இல்லாமல், கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள்.

நடுவுல வீட்டுக்காரருக்கு வேற மாநிலத்துக்கு மாத்தல் ஆயிடுச்சுன்னா?

எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்தது. ப்ரீரெக் காலத்தில் என்றால் பாடங்கள் பெரும்பாலும் கூடவே வரும், புதுக் கல்லூரியின் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் வாங்கியபின் என்றால் கவலை குறைவு. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒரே உரிமத்தை ஏற்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. டெக்சஸ், ஜார்ஜியா, வட கரோலினா, நியூஜெர்சி அதில் உண்டு. அவற்றுக்குள் குடிமாறினாலும் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை, அங்கே போனால் தனியாக விண்ணப்பித்து உரிமத்தை மாற்ற வேண்டும். தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை.

நர்சிங் செமஸ்டர்களின் நடுவில் என்றால்தான் கஷ்டம். ஒரு கல்லூரியின் இரண்டாம் செமஸ்டரை இன்னொரு கல்லூரி அப்படியே ஏற்பது அபூர்வம், முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவார்கள். கணவர் முன்னால் போகட்டும், நீங்கள் இருந்து முடித்துவிட்டுப் போங்கள். அது முடியவே முடியாது என்றால், விலகும் முன் நர்சிங் துறை இயக்குநரைப் பார்த்து, நல்ல நிலையில் விலகியதாக ஒரு கடிதமும், முடித்த ஒவ்வொரு பாடத்தின் விவரத்தாளும், கிளினிக்கல் மணிக்கணக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊரில் இடம் கேட்கும்போது இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.